குளிர் இல்லாத கடலுக்கு ஒரு ஜோடி ஃபின்: எதை வாங்குவது?

பத்து நாள் பயணம், வெதுவெதுப்பான கடல். பெரும்பாலான நாட்கள் ஸ்நார்க்கலிங், அதாவது நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய்வழி மூச்சுவிட்டுக் கீழே பார்ப்பது; நடுவில் நான்கைந்து முறை காற்றுச் சிலிண்டருடன் ஆழத்தில் மூழ்கும் ஸ்கூபா. விமானத்தில் பெட்டி எடைக்குக் கட்டுப்பாடு, செலவும் கையைக் கடிக்கக்கூடாது. இரண்டுக்கும் ஒத்துவரும் லேசான ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) எது, ஒரே ஜோடி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஐரோப்பியச் செருப்பு அளவில் 37க்கும் 38க்கும் நடுவில் நிற்கும் பாதம் உள்ள உங்கள் மனைவிக்கு ஓர் அளவு பெரிதாக வாங்கி உள்ளே சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்றும் ஒரு கேள்வி. இவற்றுக்கு அடியில் நீங்கள் எழுதாத ஒரு பயமும் தெரிகிறது: விலை குறைந்ததை வாங்கிவிட்டு, மற்றவர்கள் முன்னே போக நாம் மட்டும் பின்தங்கி நிற்போமோ? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிற்கமாட்டீர்கள். பின்தங்குகிறவர்களில் பெரும்பாலோர் காலுக்குப் பொருந்தாத ஃபினை அணிந்தவர்கள். அதன் விலை எதுவாகவும் இருக்கலாம்.

படகின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு மற்றவர்கள் ஃபின் மாட்டுவதைப் பார்ப்பது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்திலிருந்து சுருக்கமான பதில் இது: படகிலிருந்து நேராக ஆழத்தில் இறங்கப்போகிறீர்கள் என்றால், வெறுங்காலில் அணியும் முழுப்பாத வகை, நுனியிலிருந்து குதிகால்வரை 55 முதல் 60 சென்டிமீட்டர், சாதாரணத் தகடு (பாதத்துக்கு முன்னே நீளும் பகுதி), நடுத்தர விறைப்பு. அந்த ஒரு ஜோடி இரண்டு வேலைக்கும் போதும். கரையிலிருந்து கல்லும் பாறையும் மிதித்து இறங்குவதானால் பதில் மாறும், அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் பாதத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் எப்படிக் கால் அடிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆகவே அளவைப் பற்றிச் சொல்வதை நிச்சயமாகவும், தகட்டின் வகையைப் பற்றிச் சொல்வதை என் விருப்பமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீளம். ஸ்நார்க்கலிங்குக்கென்று விற்கப்படும் குட்டி ஃபின்கள் 35 முதல் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கும். பெட்டியில் சுலபமாக அடங்கும், லேசானவை, விலையும் குறைவு. அமைதியான நீரில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு மீன் பார்ப்பதற்கு அவை தாராளம். சிலிண்டரை முதுகில் ஏற்றியவுடன் கதை வேறு. சிலிண்டர், மிதவைச் சட்டை, தொங்கும் குழாய்கள் எல்லாம் சேர்ந்து நீங்கள் நீரைக் கிழித்துப் போகவேண்டிய முகப்பு பெரிதாகிவிடுகிறது. நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும்: வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதற்குக் காலிலிருந்து வரவேண்டிய திறன் எட்டு மடங்கு. விநாடிக்கு அரை மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் எதிரே நீரோட்டம் வந்தால் நல்ல பழக்கமுள்ளவரே சில நிமிடங்களில் மூச்சு வாங்கத் தொடங்குவார். அந்த நேரத்தில் காலில் குட்டி ஃபின் இருந்தால், வேகவேகமாக அடிப்பீர்கள், காற்று தீரும், இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். ஸ்நார்க்கலிங்குக்கு வாங்கிய குட்டி ஃபினோடு ஸ்கூபாவுக்கு வந்தவர்களின் முகத்தில் அந்தக் குழப்பத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுகோடியில், மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் அணியும் 80, 90 சென்டிமீட்டர் நீளத் தகடுகள். அழகாக இருக்கும், கால் பழகினால் வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் பயணத்துக்கு வேண்டாம். படகில் அடுத்தவர் காலை மிதிக்கும், பெட்டியில் அடங்காது, பவளத்துக்கு மேலே திரும்பும்போது தகட்டின் நுனி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. கல்போல இறுகிய பாறைப் பவளம் பொதுவாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு கை அகலப் பவளத்தை ஒரு தட்டில் உடைத்துவிட்டு “தெரியாமல் பட்டுவிட்டது” என்று சொல்வது சுலபம். அது மறுபடி வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். நடுத்தர நீளத்தை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டிக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடுவோம். பல விமான நிறுவனங்கள் கைப்பெட்டிக்கு அனுமதிக்கும் அளவு 55க்கு 40 சென்டிமீட்டர் என்ற கணக்கில் இருக்கும். அதன் குறுக்குக்கோடு 68 சென்டிமீட்டர். பெட்டியின் சுவரும் சக்கரமும் தின்னும் இடத்தைக் கழித்தாலும் 58 சென்டிமீட்டர் ஃபின் சாய்வாகப் படுத்துக்கொள்ளும், 65 படுக்காது. கடைக்குப் போகும்போது அளவு நாடாவை எடுத்துப் போங்கள். பெட்டிக்குள் மூலைக்கு மூலை அளந்து எழுதிக்கொண்டு போவது இன்னும் நல்லது. பெயரிலேயே “டிராவல்” என்று போட்டிருப்பதை நம்பி வாங்கி, வீட்டில் வந்து பெட்டி மூடாமல் திண்டாடியவர்கள் உண்டு.

அடுத்து வகை. முழுப்பாத ஃபின் என்பது ரப்பர் செருப்பு மாதிரி: குதிகாலையும் மூடிக்கொள்ளும், வெறுங்காலில் அணிவது. குதிகால் திறந்த வகையில் பின்னால் ஒரு பட்டை இருக்கும். பெரும்பாலும் நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் செய்த பூட்ஸ் போட்டு அதன்மேல் மாட்டுவார்கள். எடையை ஒப்பிடும்போது பலர் தவறுவது இங்கேதான். முழுப்பாத வகை ஒரு ஜோடி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. குதிகால் திறந்த பிளாஸ்டிக் வகை இரண்டு, இரண்டேகால் கிலோ. தடித்த கறுப்பு ரப்பரில் செய்தவை மூன்று கிலோவைத் தொடும். ஆனால் திறந்த வகைக்கு பூட்ஸையும் கூட்டவேண்டும். காய்ந்திருக்கும்போது அரைக் கிலோவுக்கு மேல், கடைசி நாள் டைவ் முடித்து ஈரத்தோடு பெட்டியில் வைக்கும்போது அதைவிட அதிகம். பூட்ஸ் வாங்கும் செலவும் சேர்ந்தால் “மலிவான” திறந்த ஃபின் மலிவாக இருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், பூட்ஸ் தேவைப்படும் இடத்தில் பூட்ஸ்தான் வேண்டும். முழுப்பாத ஃபினோடு கரையிலிருந்து இறங்குவதைக் கற்பனை செய்துபாருங்கள். இடுப்பளவு நீர் வரும்வரை வெறுங்காலில் நடக்கவேண்டும். முதுகில் பதினைந்து கிலோவுக்குக் குறையாத பாரம். காலடியில் வழுக்கும் பாசி, கூரிய சிப்பி, இடுக்கில் கடல் முள்ளெலி. அதன் முள் உள்ளங்காலில் உடைந்துவிட்டால் அன்றோடு உங்கள் விடுமுறை முடிந்தது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் நீங்கள் கேட்கவேண்டிய இடம் டைவ் மையம். ஒரே வரி போதும்: படகா, கரையா? படகு என்றால் முழுப்பாதம். கரை, அதிலும் மணல் இல்லாத கரை என்றால் திறந்த வகையும் அடிப்பாகம் கெட்டியான பூட்ஸும். மணல் கரை மட்டும் என்றால் மறுபடி முழுப்பாதமே போதும். தண்ணீருக்குள் நின்று காலை நன்றாக அலசிய பிறகு மாட்டுங்கள். ஃபினுக்குள் புகுந்த ஒரு சிட்டிகை மணல் அரைமணி நேரத்தில் உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு: குதிகால் திறந்திருக்கும், ஆனால் வெறுங்காலுக்கு ஏற்றபடி பாதப் பகுதி மென்மையாக இருக்கும். ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் கோ ஸ்போர்ட் அப்படிப்பட்டது, கிரெஸ்ஸி நிறுவனத்தின் பலாவ் அதே வகையில் ஒரு குட்டி ஃபின். ஏணியில் ஏறும்போது பட்டையை இழுத்துச் சட்டென்று கழற்றலாம் என்பது இவற்றின் வசதி. முன்னது முழு ஸ்கூபா ஃபின், ஆனால் உங்கள் செலவுக் கணக்கைத் தாண்டிவிடும் என்று நினைக்கிறேன். பின்னது ஸ்நார்க்கலிங்குக்கு நல்லது, சிலிண்டருக்குப் போதாது. முழுப்பாத வகையில் பெயர் சொல்லவேண்டுமானால், கிரெஸ்ஸியின் ப்ளூமா, மாரெஸின் அவான்டி சூப்பர்சேனல் போன்றவற்றை முதலில் போட்டுப் பாருங்கள். யாரிடமும் நான் காசு வாங்கவில்லை. படகுகளில் அடிக்கடி பார்க்கிறேன், உடைந்து பார்ப்பது அரிது, அவ்வளவுதான். அவை உங்கள் காலுக்குச் சேராவிட்டால் பெயரை மறந்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இனிப் பொருத்தம். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்ட முடியாது என்பார்கள். ஃபின் வாங்குகிறவர்கள் பலர் அதைத்தான் முயல்கிறார்கள். மாலையில் கடைக்குப் போங்கள், நாள் முழுவதும் நடந்த பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும், வெப்பமான ஊரிலும் அப்படித்தான் இருக்கப்போகிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஃபினை மாட்டுங்கள். காலை நீட்டி, கணுக்காலை மேலும் கீழும் மடக்குங்கள், பிறகு பக்கவாட்டில் உதறுங்கள். குதிகால் ரப்பரை விட்டு எழும்பக்கூடாது. விரல்களை அசைக்க முடியவேண்டும். முன்பக்கத் திறப்பில் பெருவிரலின் நுனி எட்டிப் பார்த்தால் தவறில்லை, விரல் மடங்கி நின்றால் தவறு. பாதத்தின் மேல் வளைவில் ரப்பர் இறுக்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். கடையில் “கொஞ்சம் அழுத்துகிறது” என்று தோன்றுவது கடலில் இருபதாவது நிமிடத்தில் கெண்டைக்கால் பிடிப்பாக மாறும். ஐந்து நிமிடம் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருங்கள். கடைக்காரர் அவசரப்பட்டால் அவரிடம் பேச்சுக் கொடுங்கள். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள்: சிவந்த கோடு எங்கே விழுந்திருக்கிறதோ அங்கேதான் நாளைக் கொப்புளம்.

கடையில் கச்சிதமாக இருந்தது நீரில் கொஞ்சம் தளர்வாகத்தான் தோன்றும். ஈரத்தில் தோலும் ரப்பரும் வழுக்கும், அதனால் உள்ளே கால் நகரும், நகர்ந்தால் உராயும். செருப்புக்கடி இரண்டாம் நாள்தான் வலிக்கத் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபின் கடியும் அப்படியே, ஆனால் இங்கே உப்புநீர் சேர்ந்துகொள்கிறது. எனவே பத்து நாள் தொடர்ந்து அணியப் போகிறவர்களுக்கு மெல்லிய சாக்ஸ் பரிந்துரைக்கிறேன்: லைக்ரா துணியிலோ ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் நியோப்ரீனிலோ கிடைக்கும். எடை ஒன்றுமில்லை. கடைக்குப் போகும்போதே அந்தச் சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஃபினை மாட்டிப் பார்க்கவேண்டும், பிறகு சேர்ப்பது பயனில்லை.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். முழுப்பாத ஃபின்கள் பெரும்பாலும் இரண்டிரண்டு அளவுகளாக வரும்: 36–37, 38–39, 40–41 என்று. அவர் சரியாக இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்கிறார். பெரிய படியை எடுத்து இரண்டு மில்லிமீட்டர் நியோப்ரீன் சாக்ஸோடு அணிவது நல்ல வழி, ஆனால் ஒரு படிக்கு மேல் அந்த வித்தை செல்லாது. பருத்திச் சாக்ஸ் வேண்டவே வேண்டாம்; நனைந்ததும் தொளதொளவென்று சுருண்டு, இருந்த இடைவெளியை அடைப்பதற்குப் பதில் புது மடிப்புகளை உண்டாக்கும். சின்னப் படியை எடுத்து “ரப்பர்தானே, விரிந்துகொடுக்கும்” என்று நம்புவதும் வேண்டாம், கொடுக்காது. இன்னொரு யோசனை: நிறுவனத்துக்கு நிறுவனம் அச்சு மாறும். ஒன்றின் 38–39 இன்னொன்றின் 37–38 போல இருக்கும். காகிதத்தில் பாதத்தை வைத்துக் கோடு வரைந்து, குதிகாலிலிருந்து நீண்ட விரல்வரை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இணையத்தில் வாங்குவதானால் அந்த எண்ணை அளவு அட்டவணையோடு பொருத்துங்கள், செருப்பு எண்ணை நம்பவேண்டாம். அகலப் பாதம் என்றால் அட்டவணையும் உதவாது, போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

தளர்ந்த ஃபின் என்ன செய்யும் என்பதை என் காலே எனக்குக் காட்டியது. தொடக்க காலத்தில், நண்பர் ஒருவருடைய ஜோடியை, ஓர் அளவுதானே பெரிது என்று வாங்கிக்கொண்டு போனேன். படகின் விளிம்பிலிருந்து பெரிய எட்டாக வைத்துக் குதித்தேன். குமிழிகள் கலைந்து பார்த்தால் வலது கால் வெறுமையாக இருக்கிறது. ஃபின் மேலே மிதந்தது, அதாவது நான் பார்க்கும்வரை மிதந்தது. நீரோட்டம் அதைப் படகின் மறுபக்கம் கொண்டுபோய்விட்டது. ஒற்றைக் காலால் அடித்தால் மனிதன் வட்டமடிப்பான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். படகோட்டி கொக்கிக் கம்பால் அதை எடுத்துத் தரும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு இளித்தபடி நின்றேன். முழுப்பாத ஃபின் கொஞ்சம் தளர்ந்திருந்தால், ஈட்டியோடு மூழ்கி மீன் பிடிப்பவர்கள் ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள்: ஒய் வடிவத்தில் ஒரு ரப்பர் வளையம், பாதத்தையும் குதிகாலையும் சுற்றி ஃபின்மேல் மாட்டுவது. உள்ளங்கையில் அடங்கும், விலை மிகக் குறைவு. அவசரத்துக்கு உதவும்; தவறான அளவை அது சரியாக்காது.

தகட்டைப் பற்றித்தான் விளம்பரங்கள் அதிகம் பேசும், நான் குறைவாகப் பேசுகிறேன். பழைய கதை ஒன்று: அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது கைக்கு மரத் தகடுகள் செய்து நீந்தினார், உள்ளங்காலுக்கும் ஒருவகைப் பாதுகை மாட்டிப் பார்த்தார், கால் விஷயத்தில் அவருக்குத் திருப்தியில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ 1933இல் ரப்பர் ஃபினுக்குக் காப்புரிமை பெற்றார். பாய்மரப் படகோட்டத்தில் 1932 ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்கர் ஓவன் சர்ச்சில் அதை 1940 வாக்கில் வணிகமாக்கினார், போர்க்காலத்தில் நீருக்கடியில் நீந்திச் சென்ற தவளை வீரர்கள் காலில் அது ஏறியது. 1960களில் தகட்டில் துளைகள் வந்தன, 1990களின் பிற்பகுதியில் நடுவே பிளந்த தகடு வந்தது. ஒவ்வொரு முறையும் இனிமேல் கால் வலிக்காது என்றுதான் சொன்னார்கள். கால் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

பிளந்த தகட்டைப் பற்றி நீங்கள் குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது: ஒவ்வோர் அடிக்கும் காலில் படும் சுமை குறைவாகத் தோன்றும், முட்டி வலி உள்ள சிலர் அதனால்தான் விரும்புகிறார்கள். தவளைபோல் காலை அகட்டி உதைப்பதற்கும் பின்னோக்கி நகர்வதற்கும் அது ஒத்துழைக்காது. விவாதத்துக்குரியது: அது வேகமானதா, காற்றை மிச்சப்படுத்துமா என்பது. அதே ஃபினைப் போட்டு ஒருவர் மிதந்து போகிறார், அடுத்தவர் தகடே இல்லாததுபோல் இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கிறார். கால் அடிக்கும் பாணிக்கு ஏற்ப அனுபவம் மாறுகிறது என்பதே என் ஊகம். உங்கள் பயணத்துக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை. நடுவில் மென்மையான ரப்பர் ஓடைகள் உள்ள சாதாரணத் தகடு போதும்.

பொருளைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் உண்மையிலேயே வேறுபாடு காட்டும். பாலிப்ரோப்பிலீன், இ.வி.ஏ. போன்ற பிளாஸ்டிக்குகள் நீரைவிட லேசானவை. தடித்த ரப்பர் மூழ்கும். நீர் உள்ளே புகாத உடையணிந்து குளிர்நீரில் இறங்குகிறவர்களுக்குக் காலைக் கீழே இழுக்கும் கனமான ரப்பர் உதவும். வெப்பக் கடலில் மெல்லிய உடையோடு இறங்கும் உங்களுக்கு அந்தச் சுமை எதற்கு? பெட்டியிலும் கனம், காலிலும் கனம். பிளாஸ்டிக்கின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் உள்ள காற்றில் ஏறத்தாழ இரண்டு கிலோவை ஒரு டைவில் மூச்சாக விட்டிருப்பீர்கள், கடைசி நிமிடங்களில் சிலிண்டர் மேலே தூக்கப் பார்க்கும். காலிலும் மிதக்கும் ஃபின் இருந்து நியோப்ரீன் பூட்ஸும் சேர்ந்தால் சிலருக்குக் கால் மேலேறி, தலை கீழாகிவிடுகிறது. இடுப்பு எடையைச் சற்றுக் கீழே இறக்கிக் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் டைவில் பயிற்றுநரிடம் சொல்லுங்கள், அவர் கண்ணால் பார்த்துச் சொல்வது நான் எழுதுவதைவிட மேல்.

விறைப்பைக் கையால் சோதிக்கலாம். பாதப் பகுதியை ஒரு கையால் பிடித்து, தகட்டின் நுனியை மறுகையால் அழுத்துங்கள். சிரமமில்லாமல் மெல்ல வளைந்து, விட்டவுடன் தானாக நிமிரவேண்டும். இரண்டு கையும் சேர்ந்து போராடவேண்டியிருந்தால் அது உங்கள் தொடைக்கும் போராட்டம். துணிபோல் மடங்கினால் நீரோட்டத்தில் கைவிட்டுவிடும். எங்கே வளைகிறது என்றும் பாருங்கள்: பாதத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் மடங்கும் தகடு மலிவுக்கு அடையாளம், அங்கேதான் முதலில் விரிசல் விடும். தகட்டின் நீளம் முழுவதும் வளைவு பரவவேண்டும். எவ்வளவு நல்ல ஃபினிலும் பழக்கமில்லாத காலுக்குப் பிடிப்பு வரத்தான் செய்யும். வந்தால், முழங்காலை நீட்டிக்கொண்டு ஃபினின் நுனியைக் கையால் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். சதை நீண்டு விட்டுக்கொடுக்கும். உடனே மறுபடி வேகமாக அடிக்கவேண்டாம். மிதிவண்டி ஓட்டுவதுபோல் முழங்காலை மடக்கி அடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். இடுப்பிலிருந்து, நீண்ட, சோம்பலான அடி போதும். பயணத்துக்கு முன் நீச்சல் குளத்தில் நாலு நாள், நாளுக்கு இருபது நிமிடம் இந்த ஃபினோடு போனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பொருத்தம் சரியில்லை என்றால் அதுவும் அங்கேயே தெரியும், மாற்ற நேரம் இருக்கும்.

காசைப் பற்றி. முதலில் மாஸ்க், அதாவது கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் ஃபினுக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை அதற்கு எடுத்துவையுங்கள். ஃபின் கொஞ்சம் சுமாராக இருந்தால் கால் வலிக்கும், மாஸ்க் கசிந்தால் மீனே தெரியாது. டைவ் மையங்கள் ஃபின் வாடகைக்குத் தரும், சில இடங்களில் டைவ் கட்டணத்திலேயே அடங்கும். ஸ்கூபா நாட்களுக்கு அதை எடுத்துக்கொண்டு, ஸ்நார்க்கலிங்குக்கு மட்டும் குட்டி ஃபின் வாங்குவதும் புத்திசாலித்தனமான கணக்கு. எடை அப்போது இன்னும் குறையும். ஒரு தடை: உங்கள் மனைவியின் அளவு வாடகைக் குவியலில் இருக்காமல் போகலாம், ஓரங்களில் உள்ள அளவுகள்தான் முதலில் தீர்ந்துபோகும். அவருக்கு வாங்கி, உங்களுக்கு வாடகை என்று பிரித்துக்கொண்டாலும் நான் குறைசொல்லமாட்டேன்.

பழைய ஜோடி கிடைத்தால் தயங்கவேண்டாம், ஃபினில் கெட்டுப்போக நகரும் பாகங்கள் அதிகமில்லை. தகடும் ரப்பரும் சேரும் விளிம்பை வளைத்துப் பாருங்கள்; நகம் நுழையும் அளவு பிரிந்திருந்தால் வைத்துவிடுங்கள். ரப்பர் கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் ஆயுள் முடிந்தது. வெள்ளையாகப் பூத்திருப்பது மட்டும் என்றால் கழுவிப் பாருங்கள், பெரும்பாலும் பாதகமில்லை. பட்டை வகை என்றால் மாற்றுப் பட்டை இன்னும் விற்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நிறத்தில் மட்டும் ஓர் ஆசைக்கு இடம் கொடுக்கலாம்: மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள், நீருக்குள் கூட வருகிறவர் உங்களை ஃபினை வைத்துத்தான் அடையாளம் காண்பார்.

ஊருக்குத் திரும்பும்போது நல்ல நீரில் அலசி, நிழலில் காயவைத்து, பாதப் பகுதிக்குள் உள்ளாடைகளையும் சுருட்டிய சட்டைகளையும் திணித்துப் பெட்டியில் படுக்கவையுங்கள். இடமும் வீணாகாது, ரப்பரும் நசுங்காது. புதிதாக வாங்கியபோது உள்ளே வந்த பிளாஸ்டிக் அச்சைத் தூக்கிப் போட்டிருந்தால் வீட்டில் பழைய செய்தித்தாளை அடைத்து வையுங்கள். நுனியில் நிறுத்திச் சுவரில் சாய்த்தால் தகடு நிரந்தரமாக வளைந்துவிடும், வெயிலில் மூடிய காருக்குள் விட்டாலும் அப்படித்தான். டைவ் மையத்திடமிருந்து படகா, கரையா என்ற பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள். கரை என்றால் பூட்ஸின் அளவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.